1948 நவம்பர் 3: ஒரே நாளில் இத்தனை பொய்த்த தலைப்புகளா!

பழந்தாள் பிரியன்:

அந்தப் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில், ரயிலின் கடைசிப் பெட்டியில் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. கையில் தூக்கிப் பிடித்திருக்கும் சிகாகோ டெய்லி டிரிபியூன் நாளிதழின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்துகள்: “ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி.” டூயி அந்த ஆண்டின் அதிபர் தேர்தலில் அவரை எதிர்த்த குடியரசுக் கட்சி வேட்பாளர். உண்மையில் வென்றவர் ஜனநாயகக் கட்சியின் ட்ரூமன். தோற்றதாக அச்சிடப்பட்டவரே அதை ஊருக்குக் காட்டிச் சிரிக்கிறார்!

எல்லோரும் அந்த ஒரு தலைப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. அந்தப் பக்கத்தை முழுதாகப் படியுங்கள். அன்றைய மற்ற இதழ்களையும் புரட்டுங்கள். பெரிய தலைப்பு ஒரு தவறுதான். அதன் கீழும் பக்கத்திலும் இருப்பவை தவறுகளின் ஊர்வலம்.

எடுத்துக்காட்டாக, அந்தக் கொட்டை எழுத்துக்குக் கீழே இன்னொரு பெரிய தலைப்பு இருக்கிறது: “மாநிலத்தில் குடியரசுக் கட்சிக்கு முழு வெற்றி அறிகுறி, நகரில் பாயில் முன்னிலை.” பாயில் என்பது ஒரு வேட்பாளரின் பெயர். மாநிலம் என்றால் இல்லினாய்ஸ், டிரிபியூனின் சொந்த மண். அங்கே என்ன நடந்தது? ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் அட்லாய் ஸ்டீவன்சன் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். செனட் இடத்தை அதே கட்சியின் பால் டக்ளஸ் பிடித்தார். அதிபர் தேர்தலில் அந்த மாநிலம் 33,612 வாக்கு வித்தியாசத்தில் ட்ரூமன் பக்கம் சாய்ந்தது. அதே இரவின் பிந்தைய பதிப்பில் இதே நாளிதழ், மாநிலப் பதவிகளை ஜனநாயகக் கட்சி அள்ளிக்கொண்டது என்று தலைப்புப் போட்டது. ஒரே தேதி, ஒரே இதழ், நேர் எதிரான இரண்டு முதல் பக்கங்கள்!

தேர்தல் நடந்தது நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை. மறுநாள் தேதியிட்டு வந்த வேறு எந்த இதழில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சேர்த்து வைத்துப் படிப்போம்.

கடைசிப்பக்கம்:

ஜர்னல் ஆஃப் காமர்ஸ் என்ற வணிக நாளிதழை விட்டுவிடாதீர்கள். என் கணக்கில் டிரிபியூனைவிட அதுதான் முதல் பரிசுக்கு உரியது. டிரிபியூன் போட்டது ஒரு தலைப்பு. இவர்களோ நவம்பர் 3 இதழில், அதிபர் டூயியிடமிருந்து என்ன எதிர்பார்க்கலாம் என்று எட்டுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஐந்து பத்தி அகலத்துக்கு ஒரு தலைப்பு வேறு. டூயியின் வெற்றி, அரசும் தொழில்துறையும் இணக்கமாக வாழப்போகும் புதிய யுகத்துக்கு மக்கள் தந்த ஆணையாம்!

வென்றார் என்பதோடு நிற்கவில்லை. ஏன் வென்றார், மக்கள் எதற்காக வாக்களித்தார்கள், அதனால் யுகம் எப்படி மாறப்போகிறது என்பது வரை எழுதியிருக்கிறார்கள். நடக்காத ஒன்றுக்குக் காரணமும் விளைவும் கண்டுபிடித்த அந்த உழைப்பை நினைத்தால் எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

மலர்விழி:

எட்டுக் கட்டுரைகளா! ஒரு கட்டுரையாளருக்குக்கூட “ஒருவேளை” என்ற சொல் நினைவுக்கு வரவில்லையா?

மை படிந்த விரல்:

நான் பல ஆண்டுகள் உதவி ஆசிரியராக இரவுப் பணி பார்த்தவன். சிரிப்பவர்களோடு நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்த அறையில் அன்று என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிரிபியூன் சும்மா அவசரப்படவில்லை.

சிகாகோவில் அப்போது அச்சுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1947 நவம்பரில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்த போராட்டம் அது. லைனோடைப் இயந்திரங்களில் உட்கார்ந்து எழுத்துக் கோக்க ஆள் இல்லை. அதனால் நாளிதழ்கள் ஒரு மாற்று வழியைப் பிடித்தன. செய்தியைத் தட்டச்சில் அடித்து, தாளில் வெட்டி ஒட்டி, பக்கத்தை அப்படியே படம் எடுத்து, உலோகத் தகட்டில் பதித்து, பிறகு அச்சுக்கு அனுப்பினார்கள். இதழ் வெளிவந்தது, ஆனால் நேரம் பல மணி கூடியது. ஆகவே முதல் பதிப்பைப் பல மணி நேரம் முன்னதாகவே முடித்தாக வேண்டும். வாக்கு எண்ணிக்கை சூடு பிடிப்பதற்கு முன்பே தலைப்பு தயாராக வேண்டும்.

இரவுப் பணியில் இருந்தவர்களுக்கு இந்த நெருக்கடி புரியும். வெளியூர் செல்லும் ரயிலும் லாரியும் காத்திருக்காது. தலைப்பு இல்லாமல் பக்கத்தை அனுப்பவும் முடியாது. நிர்வாக ஆசிரியர் மலோனி, வாஷிங்டன் செய்தியாளர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங்கிடம் கேட்டார். முந்தைய இருபது ஆண்டுகளில் நடந்த ஐந்து அதிபர் தேர்தல்களில் நான்கைச் சரியாகக் கணித்தவர் ஹென்னிங். டூயிதான் என்றார். பக்கம் அச்சேறியது.

இன்னொன்றும் உண்டு. அந்த வேலைநிறுத்தத்துக்கு வேராக இருந்தது டாஃப்ட்-ஹார்ட்லி என்ற தொழிலாளர் சட்டம். 1947இல் அதைத் தம் தடுப்பதிகாரத்தால் நிறுத்தப் பார்த்தவர் ட்ரூமன். அவரை மீறி நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தால் போராட்டம், போராட்டத்தால் முன்கூட்டிய அச்சு, முன்கூட்டிய அச்சால் இந்தத் தலைப்பு. அவர் தடுக்க முயன்ற சட்டம் சுற்றி வந்து அவர் கையிலேயே அந்தச் சிரிப்பைக் கொடுத்திருக்கிறது. இதற்கு மேல் ஒரு கதாசிரியரால் முடிச்சுப் போட முடியுமா?

எதிர்க்கேள்வி:

மை படிந்த விரல் ஐயா, உங்கள் விளக்கம் அருமை. ஆனாலும் உடன்பட மாட்டேன். வேலைநிறுத்தம் நேரத்தைத்தான் பறித்தது. சொற்களை யார் தேர்ந்தெடுத்தது? நேரம் இல்லாத ஆசிரியர் “வாக்கு எண்ணிக்கை தொடர்கிறது” என்று எழுதலாம். “கடும் போட்டி” என்று எழுதலாம். “தோற்கடித்தார்” என்று முடிந்த செயலாக எழுதச் சொல்லி எந்த இயந்திரமும் கழுத்தைப் பிடிக்கவில்லை.

டிரிபியூனின் உரிமையாளர் கர்னல் மெக்கார்மிக் எப்படிப்பட்டவர் என்பதும் தெரிந்ததே. தம் இதழை ‘உலகின் மிகச் சிறந்த நாளிதழ்’ என்று முதல் பக்கத்திலேயே போட்டுக்கொண்டவர். ஜனநாயகக் கட்சி என்றாலே ஆகாது. குடியரசுக் கட்சிக்குள் செனட்டர் ராபர்ட் டாஃப்டைத்தான் விரும்பினார், டூயி மீது பெரிய பாசம் எதுவும் இல்லை. ஆனால் ட்ரூமன் தோற்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அந்தத் தலைப்பில் ஆசையும் அச்சேறியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மை படிந்த விரல்:

ஆசை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆசை இல்லாதவர்களும் அதே தவறைச் செய்தார்களே! அதற்கு என்ன சொல்வீர்கள்? பத்தி எழுத்தாளர்களான ஆல்சாப் சகோதரர்கள் டிரிபியூன் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். தேர்தலுக்கு மறுநாள் வந்த அவர்களுடைய பத்தி, டூயி பதவியேற்கும் வரை இடைப்பட்ட வாரங்களை அரசு எப்படிக் கடத்தப் போகிறது என்று கவலைப்பட்டது. இன்னொரு பத்தி எழுத்தாளரான ட்ரூ பியர்சன் டூயியைச் சுற்றி இருக்கும் நெருங்கிய வட்டத்தை வாசகர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். பல நாளிதழ்களுக்கு ஒரே நேரத்தில் போகும் பத்திகள் என்பதால் முடிவு வருவதற்கு முன்பே எழுதி அனுப்பியாக வேண்டும். நிறுத்த வழி இல்லை. வெற்றி பெற்ற ட்ரூமன் காலையில் காபி குடித்துக்கொண்டே, தாம் காலி செய்யப்போகும் வீட்டுக்கு யார் யார் வரப்போகிறார்கள் என்று படித்திருக்கலாம்.

கடைசிப்பக்கம்:

வார இதழ்களின் கதை இன்னும் மோசம். லைஃப் இதழின் நவம்பர் 1 தேதியிட்ட பதிப்பில் டூயி படகில் போகும் படம் வந்தது. அதன் கீழே எழுதியது: அடுத்த அதிபர் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் அகன்ற நீர்ப்பரப்பில் பயணம் செய்கிறார். பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயர் வைத்தது போதாதென்று பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். கிப்லிங்கர் இதழோ ‘டூயி என்ன செய்வார்’ என்று தனி இதழே போட்டது.

புள்ளியாள்:

நான் புள்ளியியல் படித்தவள். என் பங்குக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கூத்தில் பத்திரிகைகளைவிட என் துறைக்குத்தான் பொறுப்பு அதிகம்.

கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனத்தின் கடைசிக் கணிப்பு: டூயி 49.5 சதவீதம், ட்ரூமன் 44.5 சதவீதம். உண்மையான முடிவு: ட்ரூமன் 49.6, டூயி 45.1. எண்களை மட்டும் பார்த்தால் மிக நேர்த்தியான கணிப்பு! பெயர்கள்தான் இடம் மாறிவிட்டன.

இன்னொரு கணிப்பாளரான எல்மோ ரோப்பர் இன்னும் துணிச்சல்காரர். டூயி வெல்வது முடிந்துபோன விஷயம், இனி எண்களை வெளியிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை என்று செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டார். அவருடைய கணக்கில் ட்ரூமனுக்கு 37 சதவீதம்தான். கிட்டத்தட்ட பன்னிரண்டு புள்ளிகள் தவறு.

ஏன் தவறியது? இரண்டு காரணங்கள் தெளிவானவை. ஒன்று, சீக்கிரம் கடையைக் கட்டியது. அக்டோபர் நடுவிலேயே களப்பணியை நிறுத்திவிட்டார்கள். கடைசி இரண்டு வாரங்களில் மனம் மாறியவர்கள், அதுவரை முடிவெடுக்காமல் இருந்தவர்கள் யாரும் கணக்கில் வரவில்லை. ட்ரூமன் ரயிலில் ஊர் ஊராகச் சென்று பெட்டியின் பின்மேடையிலிருந்து பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

இரண்டாவது காரணம், ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம். இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இந்த வயதினர், இந்த வருமானத்தினர் என்று ஒதுக்கீடு கொடுத்து அனுப்புவார்கள். அந்த ஒதுக்கீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பது கேட்பவர் விருப்பம். மனித இயல்பு என்ன செய்யும்? எளிதில் பேசக்கூடியவரை, நல்ல வீட்டில் இருப்பவரை, கதவைத் திறப்பவரைத் தேடிப் போகும். அப்படிப்பட்டவர்களிடையே குடியரசுக் கட்சிக்காரர்கள் சற்று அதிகம். தேர்தலுக்குப் பிறகு சமூக அறிவியல் ஆய்வு மன்றம் குழு அமைத்து இவற்றையெல்லாம் அலசியது. அதன் பிறகுதான் குலுக்கல் முறையிலான மாதிரிகளுக்குத் துறை மெல்ல நகர்ந்தது.

இதே காலப்தான் 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் இதழின் கணிப்பைத் தூக்கி அடித்துப் புகழ் பெற்றவர். அந்த இதழுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பு அட்டைகள் திரும்பி வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்த லேண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் இரண்டே மாநிலங்களைத் தவிர எல்லாவற்றிலும் வென்றார். அதைவிட மிகக் குறைவானவர்களைக் கேட்டுச் சரியாகச் சொன்ன காலப்பை உலகம் கொண்டாடியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவருக்கும் நவம்பர் 3 வந்தது.

மலர்விழி:

49.5க்கு 49.6! இதை என் மாணவர்களிடம் நாளைக்கே சொல்லப்போகிறேன். நன்றி அக்கா.

வானொலி நேசன்:

அச்சை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? அன்று இரவு வானொலியிலும் இதே நிலைதான்.

ட்ரூமன் தேர்தல் நாளன்று மாலை செய்தியாளர்களுக்குத் தெரியாமல் மிசௌரியில் எக்செல்சியர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு விடுதிக்குப் போய்விட்டார். ஒரு சாண்ட்விச், ஒரு குவளை மோர். சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டார். நாடே விழித்திருக்கும்போது வேட்பாளர் தூங்குகிறார்! நள்ளிரவில் கண் விழித்து வானொலியைத் திருகினால், என்பிசி வானொலியின் எச். வி. கால்டன்போர்ன் பேசிக்கொண்டிருக்கிறார்: ட்ரூமன் பன்னிரண்டு லட்சம் வாக்குகள் முன்னிலையில் இருக்கிறார், ஆனாலும் தோற்கப்போவது அவர்தான். ட்ரூமன் வானொலியை அணைத்துவிட்டு மறுபடி தூங்கினார். விடிவதற்கு முன் பாதுகாப்பு அதிகாரி எழுப்பித்தான் நிலவரத்தைச் சொன்னார்.

பின்னர் 1949 ஜனவரியில், பதவியேற்பு விழாவுக்கு முந்தைய நாள் விருந்தில், கால்டன்போர்னின் வெட்டி வெட்டிப் பேசும் குரலில் ட்ரூமன் அதை அப்படியே நடித்துக் காட்டினார். படப் பதிவு இருக்கிறது. தேர்ந்த நடிகரைப் போலச் செய்திருக்கிறார்.

எதிர்க்கேள்வி:

வானொலி நேசன் சொன்னதில்தான் என் வாதத்துக்கு வலு இருக்கிறது! நள்ளிரவில் பன்னிரண்டு லட்சம் முன்னிலை. எண்கள் கண் முன்னே ஒன்றைச் சொல்கின்றன. வாய் வேறொன்றைச் சொல்கிறது. கால்டன்போர்னுக்கு வேலைநிறுத்தமும் இல்லை, லாரியும் இல்லை. ஒரு நொடியில் திருத்திக்கொள்ளலாம். இருந்தும் திருத்தவில்லை. ஆகவே நேரப் பற்றாக்குறை அடிப்படைக் காரணம் அல்ல. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் காரணம்.

நியூஸ்வீக் இதழ் அக்டோபரில் ஐம்பது அரசியல் செய்தியாளர்களிடம் கேட்டது. ஐம்பது பேரும் டூயி என்றார்கள். ஐம்பதில் ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. ட்ரூமனின் ஆலோசகர் கிளார்க் கிளிஃபோர்ட் ஒரு நிலையத்தில் அந்த இதழை வாங்கிக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு ரயிலேறினாராம். ட்ரூமன் பார்த்துவிட்டார். வாங்கிப் படித்துவிட்டு, இந்த ஐம்பது பேரையும் எனக்குத் தெரியும், ஒருவருக்கும் எலி வளையில் மணல் அடைக்கும் அளவுக்குக்கூட அறிவு கிடையாது என்ற பொருளில் சொன்னார்.

மை படிந்த விரல்:

இந்த இடத்தில் உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஐம்பதுக்கு ஐம்பது என்பது கணிப்பே அல்ல, தொற்று. ரயிலில் வந்த செய்தியாளர்கள் கூட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். நாளுக்கு நாள் கூட்டம் பெருகுவதை எழுதவும் செய்தார்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பொருள் என்ன என்று கேட்டால் கணிப்பு எண்களைப் பார்த்தார்கள். தாங்கள் கண்டதைவிட மற்றவர்கள் சொன்னதை நம்பினார்கள். செய்தியாளனாக எனக்கு அந்தத் தலைப்பைவிட இதுதான் வலிக்கிறது.

பழந்தாள் பிரியன்:

எத்தனை புதையல்! இரண்டு விஷயங்களை நானும் சேர்க்கிறேன்.

அச்சான தவறான பிரதிகள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். நிலவரம் புரிந்ததும் டிரிபியூன் ஆட்களை அனுப்பிக் கடைகளிலிருந்தும் வீட்டு வாசல்களிலிருந்தும் திரும்பப் பெற முயன்றது. முழுவதும் கைக்கு வரவில்லை. வந்திருந்தால் அந்தப் புகைப்படம் நமக்குக் கிடைத்திருக்காது. இன்று மிஞ்சியிருக்கும் பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். சரியான செய்தி வந்த பிந்தைய பதிப்பைத் தேடுவார் யாரும் இல்லை.

இரண்டாவது, வாஷிங்டன் போஸ்ட். அமெரிக்காவில் தவறை ஒப்புக்கொண்டு தலைகுனிவதைக் காகம் தின்பது என்பார்கள். வாஷிங்டன் போஸ்ட் ட்ரூமனுக்குத் தந்தி அடித்து, காக விருந்துக்கு அழைத்தது. செய்தியாளர்களும் கணிப்பாளர்களும் வானொலிக்காரர்களும் காகம் தின்பார்கள், நீங்கள் மட்டும் வான்கோழி சாப்பிடலாம் என்றது. ட்ரூமன் யாரும் காகம் தின்பதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை என்று பெருந்தன்மையாக மறுத்துவிட்டார். எனக்கு அந்தத் தந்தி மிகவும் பிடிக்கும். மறுநாளே எல்லோர் முன்னாலும் தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த நாளிதழை நம்பலாம்.

புதியவன்:

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். 2000 நவம்பர் 8 அன்றும் இதே போல் நடந்ததே? நியூயார்க் போஸ்ட், மயாமி ஹெரால்ட் எல்லாம் புஷ் வென்றார் என்று முதல் பக்கத்தில் போட்டன. விடிவதற்குள் புளோரிடா முடிவு தொங்கலில் நின்றது. ஆனால் டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு புஷ்தான் அதிபரானார், புளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்தில். அப்படியானால் அந்தத் தலைப்பு சரியா, தவறா?

எதிர்க்கேள்வி:

தவறு. அச்சான நேரத்தில் அது யாருக்கும் தெரியாத விஷயம். பிறகு அப்படியே நடந்தது என்பதால் அன்று தெரிந்திருந்தது என்று ஆகிவிடாது. ஹென்னிங்கின் நான்கு சரியான கணிப்புகளும் அதே வகைதான். அவை பலித்ததால்தான் 1948இல் சொன்னதையும் சோதிக்காமல் அச்சேற்றினார்கள்.

புள்ளியாள்:

முழுதும் ஒப்புக்கொள்கிறேன். 1948ஐயும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ட்ரூமன் ஓஹையோவை 7,107 வாக்குகளில் வென்றார், கலிஃபோர்னியாவை 17,865 வாக்குகளில். அவற்றோடு இல்லினாய்ஸையும் சேர்த்தால் மூன்று மாநிலங்களில் மொத்தம் அறுபதாயிரத்துக்கும் குறைவு. அதில் பாதிக்குச் சற்று மேல், ஏறத்தாழ முப்பதாயிரம் பேர், மாநிலத்துக்கு ஏற்ற அளவில் மாற்றிப் போட்டிருந்தால் டூயி அதிபர். டிரிபியூன் தலைப்பைச் சரியான கணிப்புக்கு உதாரணமாக இதழியல் வகுப்புகளில் காட்டியிருப்பார்கள். அதே சொற்கள், அதே ஆதாரமில்லாத அவசரம்!

மை படிந்த விரல்:

புள்ளியாள் அம்மா சொன்னதை ஒவ்வொரு நாளிதழ் அலுவலகச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும்.

மலர்விழி:

ஒரு கேள்வி மட்டும். டிரிபியூன் பிறகு இதைப் பற்றி என்ன செய்தது? மறைக்கப் பார்த்ததா?

பழந்தாள் பிரியன்:

மறைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தாங்களும் சேர்ந்து சிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். தேர்தலின் 25ஆம் ஆண்டு நிறைவில் அந்த முதல் பக்கத்தின் நகலைப் பட்டயமாகச் செய்து ட்ரூமனுக்குப் பரிசளிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். அந்த நிறைவு நாள் 1973இல் வர வேண்டியது. ட்ரூமன் 1972 டிசம்பர் 26 அன்று காலமானார். இந்த முறையும் டிரிபியூனுக்கு நேரம் ஒத்துழைக்கவில்லை.

அடுத்து 1916க்குப் போகலாமா? சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் அதிபராகிவிட்டார் என்று நியூயார்க் இதழ்கள் இரவோடு இரவாக அறிவித்த தேர்தல் அது. கலிஃபோர்னியாவின் எண்ணிக்கை முடிந்தபோது வில்சன் வென்றிருந்தார். அந்த நாளின் முதல் பக்கங்களைப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.